ரிச்சித் தெருவுக்குப் போவோமா?

சென்னையில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு தெரு உண்டு. பட்டுப் புடவை என்றால் தியாகராய நகர். காய்கறி, பூ என்றால் கோயம்பேடு. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்க வேண்டுமா, பாரிமுனைப் பக்கம் போனால் போதும். இவையெல்லாம் நமக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் மின்சாரம் பாய்கிற சாமான் எதையாவது வாங்க வேண்டும் என்றால் மட்டும், "நீங்களே போய் வாங்கிண்டு வந்துடுங்கோ" என்று வீட்டு ஆண்பிள்ளைகளிடம் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அவர்களும் ரிச்சித் தெருவுக்குப் போய், பெரிய அட்டைப் பெட்டியும் பெருமிதமுமாகத் திரும்பி வருகிறார்கள். பிறகு அந்தப் பெட்டி கூடத்தில் உட்கார்ந்துகொண்டு பகலெல்லாம் தூசியும் இரவெல்லாம் இரைச்சலும் தருகிறது. கூடத்தில் அதனுடன் குடித்தனம் செய்கிறவர்கள் நாம்தானே? ஆகையால் இந்த வாரம் உங்களையே ரிச்சித் தெருவுக்கு அழைத்துப் போவதென்று தீர்மானித்திருக்கிறேன். பயப்படாதீர்கள், நம்மையும் அங்கே மனிதர்களாகத்தான் நடத்துகிறார்கள்!

தறி இருந்த பேட்டை

போவது சுலபம். 2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில் திறந்த அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, அண்ணா சாலையின் மேற்குப் பக்கம் வந்துவிட்டால், அப்புறம் சில நிமிஷ நடைதான். வழி கேட்கவும் வேண்டாம். தோளில் டி.வி. பெட்டியைச் சுமந்தபடி ஒருவர் எந்தச் சந்திலிருந்து வெளிப்படுகிறாரோ, அந்தச் சந்துக்குள் நீங்கள் நுழைந்தால் சரியாக இருக்கும்.

இந்த இடம் சிந்தாதிரிப்பேட்டையைச் சேர்ந்தது. 1730-களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னராக இருந்த ஜார்ஜ் மார்ட்டன் பிட் என்பவர், துணி நெய்வதற்காக நெசவாளர்களைக் கொண்டுவந்து கூவத்தின் கரையில் குடியேற்றிய பேட்டை இது. சின்னத் தறிப் பேட்டை என்பதுதான் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்று சொல்லுவார்கள். இன்றைக்கும் ரிச்சித் தெருவிலும் பக்கத்து நரசிங்கபுரம் தெருவிலும் கடைக்குக் கடை நூல்கண்டு மாதிரி சுருள் சுருளாகத் தொங்குகிறது. நூல் அல்ல, ஒயர்!

தெரு குறுகல். மோட்டார் சைக்கிள், தள்ளுவண்டி, டீ டம்ளர்களுடன் ஓடும் பையன், இவர்களுக்கு நடுவே நாம். இரண்டு பக்கமும் கடைகள், கடைக்கு மேல் கடைகள், மாடிப்படிக்கு அடியில்கூட ஒரு கடை. ஒன்றில் வெறும் திருகாணிகள். ஒன்றில் ரிமோட்டுகள் மட்டும்; உங்கள் வீட்டில் நாய் கடித்துப்போட்ட ரிமோட்டின் அண்ணன் தம்பி எல்லோரும் அங்கே இருப்பார்கள். நம் காரியம் பாட்டுப் பெட்டிக் கடைகளில்.

தோழியின் சீட்டுப் பணம்

என்ன காரியம் என்று சொல்லவில்லையே! என் கல்லூரித் தோழி ஒருத்தி நங்கநல்லூரில் இருக்கிறாள். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. இரண்டு வருஷம் கட்டிய சீட்டில் அவளுக்கு அறுபதாயிரம் ரூபாய் வந்தது. "ஹோம் தியேட்டர் வாங்கணும். நீ கூட வா" என்று கூப்பிட்டாள். சினிமாப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நினைத்தேன். விஷயம் வேறு.

அவளுடைய மாமியாருக்கு எழுபத்து நாலு வயது. ஒரு காலத்தில், பார்த்த படத்தின் கதையை வசனத்தோடு திருப்பிச் சொல்லி, படம் பார்க்காதவர்களையும் அழ வைத்த அம்மாள். சுவரில் மாட்டும் மெல்லிய டி.வி. வந்த நாளிலிருந்து அவருக்கு வசனம் பிடிபடவில்லை. "என்ன சொன்னான்?" என்று முதலில் கேட்டுக்கொண்டிருந்தார். பேரப் பிள்ளைகள் சலித்துக்கொண்டன. பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். இப்போது எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தால், "நீங்க பாருங்கோ, எனக்குத் தூக்கம் வரது" என்று எட்டு மணிக்கே அறைக்குள் போய்விடுகிறாராம். "தூக்கமாவது! உள்ளே போய் விட்டத்தைப் பார்த்துண்டு படுத்திருக்கார்" என்றாள் தோழி.

"அத்தை, நீங்களும் வாங்கோ" என்று அவரையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். "நான் எதுக்கும்மா அங்கே?" என்று கேட்டபடியே அவரும் வந்தார். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: எந்தக் கடைக்காரர் சொன்ன யோசனையையும்விட, மாமியாரை அழைத்து வந்ததுதான் அன்றைக்குப் பெரிய யோசனை.

ஐந்தும் ஒன்றும்

கடைக்குள் நுழையுமுன் கொஞ்சம் பாடம். நாம் வாங்க வந்த பெட்டிக்கு ரிசீவர் என்று பெயர். டி.வி.யிலிருந்தோ டிஸ்க் பிளேயரிலிருந்தோ வரும் ஒலியை வாங்கி, எது எந்த ஸ்பீக்கருக்குப் போக வேண்டும் என்று பிரித்து, பலம் கொடுத்து அனுப்புவது அதன் வேலை. பந்தியில் இலைக்கு இலை பார்த்துப் பரிமாறுகிற சமையற்காரர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஒலியை நாலு பக்கமும் பரிமாறும் ஆசை பழையது. 1940-இல் வால்ட் டிஸ்னியின் 'ஃபேன்டேஸியா' படத்துக்காகவே அப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்தார்கள். 1992-இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்துடன் டால்பி டிஜிட்டலும், 1993-இல் 'ஜுராசிக் பார்க்' படத்துடன் டி.டி.எஸ்ஸும் தியேட்டர்களுக்கு வந்தன. தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரும் டால்பி அட்மாஸ் 2012-இல் 'பிரேவ்' படத்துடன் வந்தது.

5.1 என்று பெட்டியின் மேல் போட்டிருப்பது இதுதான்: முன்னால் இடம், வலம், நடு என்று மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரு பக்கமும் இரண்டு, ஆக ஐந்து. புள்ளிக்கு அப்புறம் வரும் ஒன்று, இடி முழக்கத்துக்கென்று தரையில் வைக்கும் சப்ஊஃபர். 7.1 என்றால் பின்னால் இன்னும் இரண்டு. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கூடத்தில் ஏழு ஸ்பீக்கரை வைத்தால் மனிதர்கள் உட்கார இடம் தேட வேண்டும்!

இந்த ஐந்தில் நமக்கு முக்கியமானது எது தெரியுமா? நடு ஸ்பீக்கர். படங்களில் பேச்சு பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகிறது. மெல்லிய டி.வி.க்கு முன்பக்கம் ஸ்பீக்கர் வைக்க இடமில்லை. கீழ்நோக்கியோ சுவரை நோக்கியோ வைத்துவிடுகிறார்கள். பேச்சு சுவரில் மோதி, வாத்திய சங்கீதத்துடன் குழம்பி வருகிறது. மாமியாரின் காது மட்டும் குற்றவாளி அல்ல, பாருங்கள்!

"நெடுந்தொடருக்கு ஏது 5.1?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பல தொடர்கள் இடம், வலம் என்ற இரண்டு ஒலியோடுதான் வருகின்றன. நல்ல ரிசீவர் அந்த இரண்டிலும் ஒரே மாதிரி வருவது எதுவோ அதைப் பிரித்தெடுத்து நடு ஸ்பீக்கருக்கு அனுப்பும். பேச்சு அநேகமாக அப்படித்தான் இரண்டிலும் சமமாக இருக்கும். ஆகவே தொடருக்கும் பலன் உண்டு.

வாட் என்னும் மாயம்

முதல் கடையில் நுழைந்ததுமே, "வாங்கக்கா, ஆயிரம் வாட் இருக்கு, காட்டட்டுமா?" என்றான் பையன். ரிச்சித் தெருவில் வாட்டுக்குப் பஞ்சமே இல்லை.

வாட் என்பது எப்படி அளந்தார்கள் என்பதைப் பொறுத்தது. யமாஹாவின் ஆர்.எக்ஸ்.-வி 385 என்ற பெட்டி 2018-இல் வந்தது. கம்பெனியே அதற்கு மூன்று கணக்குக் கொடுத்தது. இரண்டு ஸ்பீக்கர் ஒரே சமயத்தில் பாட, காதில் விழும் எல்லாச் சுருதியிலும், சுத்தமாகக் கேட்டால் 70 வாட். ஒரே ஸ்பீக்கர், ஒரே சுருதி என்றால் 100 வாட். பத்து சதவிகிதம் ஒலி சிதைந்தாலும் பரவாயில்லை என்றால் 135 வாட்! பெட்டி ஒன்றுதான். பால்காரர் தண்ணீர் விடுகிற கணக்குத் தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. '20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோ ஹெர்ட்ஸ் வரை, இரண்டு சானல்' என்று எழுதியிருக்கும் வாட்டை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். பி.எம்.பி.ஓ. என்று போட்ட ஆயிரங்களைக் கண்டால் புன்னகை செய்துவிட்டு நகருங்கள்.

இன்னொரு ரகசியம். வாட்டை இரட்டிப்பாக்கினால் சத்தம் இரட்டிப்பாவதில்லை. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது சின்ன வித்தியாசம். இரட்டிப்புச் சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். நம் கூடத்தில் சாதாரணமாகப் படம் பார்க்கும்போது ஸ்பீக்கருக்குப் போவது ஓரிரண்டு வாட்கூட இராது. எழுபது வாட்டுக்கு மேல் காசு கொடுப்பது, நாலு பேர் குடும்பத்துக்குக் கல்யாண அண்டா வாங்குவது போலத்தான்.

ஸ்பீக்கரின் முதுகில் 8 ஓம், 6 ஓம், 4 ஓம் என்று ஓர் எண் இருக்கும். ரிசீவர் எத்தனை ஓமுக்குத் தாங்கும் என்பதை அதன் முதுகில் பார்த்து, அதற்குக் குறையாத ஸ்பீக்கரையே வாங்க வேண்டும். எண் குறையக் குறையப் பெட்டிக்குப் பாரம் அதிகம்.

உள்ளூர்க் கைவேலை

இரண்டாவது கடை எனக்கு மிகவும் பிடித்தது. நடுத்தர வயதுக்காரர் ஒருவர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஈயப் பற்று வைத்துக்கொண்டிருந்தார். ரிச்சித் தெருவின் சொந்தச் சரக்கு இதுதான்: போர்டு, டிரான்ஸ்பார்மர், கேபினெட் எல்லாவற்றையும் தனித் தனியாக வாங்கி, இங்கேயே சேர்த்துக் கட்டிய ஆம்ப்ளிஃபயர். '4440 ஐ.சி.' என்றும், '5200, 1943 போர்டு' என்றும், நாம் மிளகாய் ரகம் பேசுவது போல இங்கே பேசிக்கொள்கிறார்கள். பத்தாயிரம் ரூபாய்க்குள் முழு செட்டும் கிடைத்துவிடும்.

"டிரான்ஸ்பார்மரைத் தூக்கிப் பாருங்கம்மா" என்றார். ஒரே அளவில் இரண்டைக் கொடுத்தார். ஒன்று அம்மிக் குழவி மாதிரி கனத்தது, மற்றது லேசு. "கனமா இருக்கறது செம்புக் கம்பி. இது அலுமினியம். வெளியே பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். விலையிலதான் தெரியும். அப்புறம் சூட்டுல தெரியும்."

தோழி கேட்டாள்: "இதிலே 5.1-ன்னு போட்டிருக்கே, எல்லாம் தனித் தனியா வருமா?" அந்த மனிதர் மழுப்பவில்லை. "பின்னால சிவப்பு, வெள்ளை ரெண்டு ஓட்டைதான் இருக்கு, பாருங்க. ரெண்டு ஒலிதான் உள்ளே போவுது. அதைக் கலந்துதான் அஞ்சுக்கும் கொடுக்கறோம். நிஜமாப் பிரியணும்னா டீகோடர் போர்டு போடணும், அது தனி விலை." பாட்டுக் கேட்க இந்தப் பெட்டி போதும், பழுதானால் இதே தெருவில் கொண்டுவந்து நூறு இருநூறில் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் நடு ஸ்பீக்கரில் பேச்சோடு வாத்தியமும் கலந்தே வரும். மாமியாருக்கு வேண்டியது அதுவல்ல. "உங்க தேவைக்குக் கம்பெனி ரிசீவரைப் பாருங்கம்மா" என்று அவரே எதிர்க்கடை மாடியைக் காட்டினார். வியாபாரத்தை விட்டுக்கொடுத்து வழிகாட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்!

மாமியார் சொன்ன தீர்ப்பு

மாடிக் கடையில் இருட்டறை, குளிர்சாதனம், சோபா. "உட்காருங்கம்மா" என்று உபசரித்துவிட்டுப் பையன் ஒரு ஹெலிகாப்டரைப் பறக்க விட்டான். அது இடக் காதில் புறப்பட்டு, உச்சந் தலையைச் சுற்றி, வலக் காதில் இறங்கியது. பிறகு ஏதோ வெடித்தது. சோபா அதிர்ந்தது. மாமியார் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

"தம்பி, எங்க வீட்டிலே ஹெலிகாப்டர் வராது. ரெண்டு பேர் உட்கார்ந்து பேசற காட்சி போடு" என்றாள் தோழி. பையன் திகைத்துப்போனான். யாரும் அதைக் கேட்டதே இல்லை போலிருக்கிறது! தேடித் தேடி, ஏதோ ஒரு குடும்பப் படத்தில் அண்ணனும் தங்கையும் பேசும் காட்சியைப் பிடித்தான்.

முதலில் டி.வி.யின் சொந்த ஸ்பீக்கரில் கேட்டோம். மாமியார் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். பிறகு ரிசீவரில், அதே அளவு சத்தத்தில். அடுத்து, மற்றவற்றைத் தொடாமல் நடு ஸ்பீக்கரை மட்டும் 3 டெசிபல் உயர்த்தச் சொன்னாள் தோழி. காட்சி ஓடியது. மூன்று பேரும் திரையைப் பார்க்கவில்லை. மாமியார் முகத்தைத்தான் பார்த்தோம்.

"அடி பாவி! கடுதாசியே வரலேன்னு அண்ணங்கிட்டே கூசாமப் பொய் சொல்றாளே!" என்றார் மாமியார்.

தோழி ஒன்றும் பேசவில்லை. கைப்பையில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டாள். "அம்மாவுக்குக் கதை பிடிச்சுப்போச்சு" என்றான் பையன்.

சற்றுப் பொறுத்து, பின்பக்கத்து இரண்டு ஸ்பீக்கரையும் சப்ஊஃபரையும் நிறுத்தி அதே காட்சியைப் போடச் சொன்னோம். பேச்சின் தெளிவில் ஒரு குறையும் இல்லை. அப்புறம் கணக்குச் சுலபமாகிவிட்டது. 5.1 ரிசீவர் ஒன்று, முப்பத்து மூவாயிரம். முன்பக்கத்து மூன்று ஸ்பீக்கர், பதினெட்டாயிரம். பின்பக்கத்து இரண்டும் சப்ஊஃபரும் அடுத்த சீட்டுக்கு! ரிசீவரில் உள்ள சௌகரியமே இதுதான், ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். மீதி ஒன்பதாயிரத்தில் ஒயர் போக மிச்சமிருப்பதை மாமியாரைக் காது வைத்தியரிடம் காட்ட ஒதுக்கினாள். அதுவும் சரிதான். எந்தப் பெட்டியும் காதுப் பரிசோதனைக்கு ஈடாகாது. முதலில் செய்ய வேண்டியதும் அதுதான்.

கேட்டு வாங்க வேண்டியவை

கத்தரித்து வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்காகச் சில குறிப்புகள்:

டி.வி.யின் பின்புறம் எச்.டி.எம்.ஐ. துளைகளில் ஒன்றின் மேல் 'ஏ.ஆர்.சி.' அல்லது 'ஈ-ஏ.ஆர்.சி.' என்று எழுதியிருக்கும். ரிசீவரிலும் அது இருந்தால் இரண்டுக்கும் நடுவே ஒரே கேபிள் போதும், அநேகமாக டி.வி. ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். வயதானவர்கள் உள்ள வீட்டில் இது பெரிய வரப்பிரசாதம். புளூ-ரே டிஸ்க்கின் முழுச் சுத்தமான ஒலியையும் டி.வி. வழியாகவே அனுப்ப வேண்டும் என்பவர்களுக்குத்தான் ஈ-ஏ.ஆர்.சி. அவசியம்.

கூடத்தின் அமைப்புக்கு ஏற்ப ஒலியைத் தானே திருத்திக்கொள்ள, பல ரிசீவர்களுடன் ஒரு சிறிய மைக் தருகிறார்கள். யமாஹாவில் ஒய்.பி.ஏ.ஓ. என்றும் டெனானில் ஆடிஸி என்றும் அந்த வித்தைக்குப் பெயர். மலிவான மாடல்கள் எல்லாவற்றிலும் அது இராது, கேட்டுக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவிலிருந்து மாப்பிள்ளையோ பிள்ளையோ "அங்கே மலிவு" என்று ரிசீவர் வாங்கி வரப் புறப்பட்டால் தடுத்துவிடுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. நேரே சொருகினால் தீபாவளிதான்! உத்தரவாதமும் இங்கே செல்லாது. இங்கே வாங்கினாலும் ரசீதும், கம்பெனி முத்திரையிட்ட உத்தரவாதச் சீட்டும் கையில் வந்த பிறகே பணம் கொடுங்கள்.

நடு ஸ்பீக்கரை டி.வி.க்கு நேர் கீழே, உட்கார்ந்திருப்பவர் காதை நோக்கி வையுங்கள். இட, வல ஸ்பீக்கர்களும் உங்கள் இருக்கையும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு சம முக்கோணமாக இருக்கட்டும். வெறும் சுவரும் டைல்ஸ் தரையும் எதிரொலிக்கும். ஒரு பவானி ஜமக்காளமும் கனமான திரைச் சீலையும் ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கிடைக்காத தெளிவைத் தரும்.

ரிசீவர் சூடாகும். ஆகையால் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டாதீர்கள். அதன் தலைமேல் குரோஷா துணி விரித்துப் பிள்ளையாரை வைக்கிற பழக்கம் நமக்கு உண்டல்லவா? பிள்ளையாருக்கும் வேர்க்கும், பெட்டிக்கும் ஆகாது.

வீட்டிலிருந்து கிளம்புமுன் டி.வி.யின் முதுகை ஒரு போட்டோவும், கூடத்தின் நீள அகலத்தை ஒரு காகிதத்தில் குறிப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகளுக்கு அன்று விடுமுறை. வார நாளில் பதினொரு மணி சுமாருக்குப் போனால், கூட்டம் சேருமுன் நிதானமாக உட்கார்ந்து கேட்கலாம். காரியம் முடிந்த கையோடு திருவல்லிக்கேணிப் பக்கம் நடந்தால், 1948-லிருந்து நடக்கும் ரத்னா கபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லி காத்திருக்கிறது. முக்கியமாக, யாருக்காக வாங்குகிறீர்களோ அவர்களையும் கூடவே அழைத்துப் போங்கள். சோபாவில் அவர்களை உட்கார வைத்துவிட்டு, நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். போய் வாருங்கள்!